ஒரு தடவைகூடத் தவறவில்லை

ஆர்வில் ஸ்டிடம் என்பவன் ஹோபர்ட் நேப்பியருக்குத் தர வேண்டியிருந்தது இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினெட்டு டாலர், அறுபத்தைந்து சென்ட். அத்தனையும் பெட்ரோல் கடன். ஆர்வில் குடியிருந்த ட்ரேஸ் ஓடை இறங்கி வந்து பெரிய சாலையைத் தொடும் முக்கில் ஹோபர்ட்டின் பங்க் இருந்தது. அங்கே கைநீட்டி வாங்காமல் கார் டாங்கியில் வாங்கிய கடன் அது. ஆர்வில் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒரு சென்ட்கூட மறக்கவில்லை.

மறக்காததற்குக் காரணம் அவன் மனைவி வெர்னா. கையில் காசில்லாத நாளில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினால், பங்க் கண்ணுக்கு மறையும்வரை பேசாமல் இருப்பாள். அப்புறம், "இப்ப எவ்வளவு ஆச்சு?" என்பாள். ஆர்வில் பழையதோடு புதியதைக் கூட்டிச் சொல்வான். அவள் அதை ஒருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். அடுத்தமுறை அவன் பத்து சென்ட் மாற்றிச் சொன்னாலும் பிடித்துவிடுவாள். காசு இருந்த நாளில் அவன் அன்றைய பெட்ரோலுக்கு முழுசாகக் கொடுத்துவிடுவான். சுரங்கம் மூடி, மரம் அறுக்கும் மில்லில் கூலிக்குப் போன பிறகு காசு இருந்த நாள் குறைவு. குளிர்காலத்தில் மில்லும் படுத்துக்கொள்ளும்.

வெர்னாவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுப் போனதிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். அதற்கான நாற்காலி மலைக்கு அந்தப்பக்கம், எழுபது மைல் தள்ளி, பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. போக எழுபது, வர எழுபது. ஆறு வருடம் அந்தப் பழைய பியூக் காரில் அவர்கள் அப்படித்தான் போய்வந்தார்கள்.

இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் ஆர்வில்லுக்கு அந்த ஆறு வருடத்தில் ஆஸ்பத்திரி நினைவுக்கு வருவதே இல்லை. சாலைதான் வருகிறது. விடியுமுன் கிளம்பினால் பங்க்கில் விளக்கு எரியும். ஹோபர்ட் தொப்பியைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு வெளியே வந்து அவனே பெட்ரோல் போடுவான். ஆர்வில் உள்ளே போய்த் தனக்கு ஒரு காபியும், வெர்னாவுக்குக் காகிதக் கோப்பையில் ஐஸ் துண்டுகளும் எடுத்துக்கொண்டு வருவான். தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டும் அவள். ஐஸை ஒவ்வொன்றாக வாயில் போட்டு அடக்கிக்கொண்டு வருவாள். அவன் திரும்பி வரும்போது ஹோபர்ட் அவள் பக்கத்து ஜன்னலில் குனிந்து நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருப்பான். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு இருக்கும்.

"என்ன பேச்சு?"

"உன் மூக்கப் பத்தி," என்பாள் வெர்னா.

ஏப்ரலில் கணவாய் முழுக்க ஊதாப் பூ பூத்துக் கிடக்கும். மூடுபனியில் நிலக்கரி லாரி எதிரே வந்தால் முதலில் சத்தம் வரும், விளக்கு அப்புறம்தான். நான்கு மணிநேரம் அவள் நாற்காலியில் கிடக்கும்போது அவன் கார் நிறுத்துமிடத்தில் தூங்குவான். திரும்பும்போது அவள் தூங்குவாள். அவன் கோட்டைச் சுருட்டிக் கன்னத்துக்கு வைத்துக்கொண்டு, ஊசி குத்திய கையை மடியில் போட்டுக்கொண்டு. அந்தக் கையில் ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் எந்நேரமும் அதிர்ந்துகொண்டிருக்கும். காதை வைத்தால் பூனை உறுமுவதுபோல் கேட்கும். கோபமாக இருக்கும் நாளில், "இந்தா, உன் பூனைகிட்ட பேசு," என்று கையை நீட்டுவாள். வழியில் ஒரு காய்கறிக் கடை. வெர்னாவுக்குத் தக்காளி ஆகாது என்று டாக்டர் தடுத்திருந்தார். கடைக்கார அம்மாள் செடியிலிருந்து அப்போதுதான் பறித்த தக்காளி ஒன்றைக் கார் ஜன்னல் வழியாக நீட்டுவாள். வெர்னா கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். அதற்கு அந்த அம்மாள் காசு வாங்கியதில்லை.

கடன் பாக்கிக்கு ஹோபர்ட்டும் காசு வாங்கியதில்லை. ஆர்வில் பழைய பாக்கியைத் தர வந்தால், "எந்தப் பாக்கி? நான் கணக்கே வச்சுக்கல," என்று டயருக்குக் காற்றடிக்கப் போய்விடுவான். ஒருதடவை ஆர்வில் நூறு டாலரைக் கல்லாவுக்கு அடியில் செருகிவிட்டு வந்தான். மறுநாள் ஹோபர்ட் ஓடை வழியே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, ஒரு மூட்டை விதை உருளைக்கிழங்கை வாசலில் இறக்கினான். மூட்டைக்குள் அந்த நூறு டாலர் இருந்தது. அதன்பிறகு ஆர்வில் பணம் கொடுக்கும் பேச்சையே எடுக்கவில்லை. ஒருவன் செய்த உதவிக்கு விலை போட்டால் அவனை வைதது மாதிரி என்றுதான் ட்ரேஸ் ஓடைக்காரர்கள் எல்லோரும் வளர்ந்திருந்தார்கள்.

அந்த வளர்ப்புதான் அவர்களைக் கவிழ்த்தது.

வெர்னா போய்வரத் தொடங்கிய இரண்டாம் வருடம், லெனோரா ஃபியூகேட் என்கிற நர்ஸ் ஊருக்குத் திரும்பி வந்தாள். இதே பக்கத்துப் பெண்தான். பெரிய ஊர்களில் டயாலிசிஸ் நாற்காலிகளோடு பல வருடம் இருந்தவள். ஹார்லோ டவுனில் பூட்டிக் கிடந்த பழைய பலசரக்குக் கடையை வாடகைக்குப் பேசி, அதில் எட்டு நாற்காலி போடுகிறேன் என்றாள். ஓடையிலிருந்து ஹார்லோ கூப்பிடு தூரம். செய்தி வந்த அன்று வெர்னா, "அப்ப தக்காளிக்காரம்மாவுக்கு யாரு சொல்றது?" என்றாள். அவளுக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான் பேசுவாள்.

ஆனால் கென்டக்கி மாநிலத்தில் நினைத்தவுடன் டயாலிசிஸ் நாற்காலி போட்டுவிட முடியாது. மதுக்கடை வைக்கலாம், மயானம் வைக்கலாம். நோயாளி படுக்கும் இடம் புதிதாக வேண்டுமென்றால், அது இந்த ஜனங்களுக்குத் தேவை என்று மாநில அரசு ஒரு சான்றிதழ் தர வேண்டும். தேவைச் சான்று. கேட்பவர் தேவையை நிரூபிக்க வேண்டும். ஏற்கெனவே அதே தொழில் நடத்துகிறவர்கள் வந்து, தேவையில்லை என்று மறுக்கலாம். மலைக்கு அந்தப்பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி மறுத்தது. எங்களிடமே நாற்காலி காலியாக இருக்கிறது, நோயாளிகள் வந்து போகிறார்கள், இன்னொன்று எதற்கு என்றது. தலைநகரில் விசாரணை வைத்தார்கள். லெனோரா சர்ச் பஸ்ஸைக் கேட்டு வாங்கி ஊர் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போனாள்.

வெர்னா நீல நிற கவுன் போட்டுக்கொண்டு வந்தாள். போகிற வழியெல்லாம் பஸ்ஸில் பேச்சில்லை. அரசாங்கக் கட்டடத்துக்குள் நுழைந்து சத்தியம் செய்வது அவர்களுக்குப் பழக்கமான காரியம் அல்ல. ஆஸ்பத்திரி வக்கீல் வயசானவர், மரியாதைக்காரர். வெர்னா சாட்சி மேடையில் ஏறும்போது நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, நீங்கள் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறீர்கள் என்று கேட்டார்.

வெர்னா சொன்னாள்: கணவன் கூட்டிப் போகிறான். அவனுக்கு வேலை இருந்தால் ஹோபர்ட் கூட்டிப் போகிறார். ஹோபர்ட்டுக்கு முடியாவிட்டால் சர்ச்சில் யாராவது.

"அப்ப சிகிச்சை எதுவும் தவறிப் போகலையேம்மா?"

"ஒரு தடவகூடத் தவறல. எங்க ஆளுங்க யாரையும் ரோட்டோரம் விட்டுட்டுப் போக மாட்டாங்க."

வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். அடுத்தடுத்து ஏறியவர்களும் அப்படியே. ஒருவர் தன் தம்பிக்கு ஊரே சேர்ந்து செலவு செய்த கதையைச் சொன்னார். இன்னொரு அம்மாள், பனி கொட்டிய அன்று நிலக்கரிக் கம்பெனி வண்டியை அனுப்பி வைத்ததைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்நியர்கள் முன்னால் ஊரை விட்டுக்கொடுக்காமல், ஒருத்தர் விடாமல் ஊரின் பெருமையைப் பேசினார்கள். லெனோரா மட்டும் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று ஆர்வில் நினைத்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே பாட்டும் கூத்தும். வக்கீலால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியவில்லையே என்று சிரித்தார்கள். நடுவழியில் நிறுத்தி எல்லோரும் பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும் சாப்பிட்டார்கள். ஹோபர்ட் காசு கொடுத்தான். வெர்னா நடுவில் உட்கார்ந்து, உப்பில்லாத பிஸ்கட்டை நுனிப்பல்லால் கடித்துக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள்.

தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. லெனோராவே ஓடைக்கு வந்து சொன்னாள். இருக்கிற சிகிச்சையை ஜனங்கள் தடையில்லாமல் அடைந்துகொண்டிருக்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே தெரிகிறது. ஆகவே புதிதாகத் தேவை ஒன்றும் நிரூபிக்கப்படவில்லை. அவ்வளவுதான்.

வெர்னா ரொம்ப நேரம் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். "நான் வேற என்ன சொல்லியிருக்கணும்?" என்றாள்.

"பனியில கார் கவுந்து கெடந்த நாளச் சொல்லியிருக்கலாம்," என்றாள் லெனோரா. குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை.

"அன்னிக்குத்தான் ஹோபர்ட் டிராக்டர் கொண்டாந்து இழுத்தாரே. அதப் போயி எப்படிக் குறையா சொல்றது?"

லெனோரா கோப்பையை எடுத்தாள். காபியைக் குடித்துவிட்டுப் போனாள். வெர்னா மேலும் நான்கு வருடம் அந்தச் சாலையில் போய்வந்தாள். கடைசி வருடம் திரும்பும்போது தூங்கக்கூட அவளால் முடியவில்லை. காரின் குலுக்கலுக்கு ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடிப்பாள். நவம்பர் மாதம் வீட்டிலேயே, ஒரு புதன்கிழமை போய்ச் சேர்ந்தாள். டயாலிசிஸ் இல்லாத நாள். அந்த வாரம்வரை ஒரு தடவைகூடத் தவறவில்லை.

தொகை அத்தோடு நின்றது. கூட்டிச் சொல்லக் கேட்பதற்கு ஆள் இல்லை. இருந்தாலும் பங்க்கைத் தாண்டும்போதெல்லாம் ஆர்வில் அதை வாய்க்குள் சொல்லிக்கொள்வான். இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினெட்டு, அறுபத்தைந்து. அவன் வாயில் அவள் குரல் மாதிரி.

நாலு வருடம் கழித்து ஹோபர்ட்டுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. சர்க்கரை அவனுக்குப் பழைய சொத்து. சிறுநீரகம் போய்விட்டது என்று டாக்டர் சொல்லி முடிக்குமுன்னே ஆர்வில் பியூக்கின் சீட்டைத் துடைத்து வைத்துவிட்டான். அதே மூன்று நாள், அதே சாலை, வெர்னா உட்கார்ந்த அதே சீட். முதல் நாள் ஏறும்போது ஹோபர்ட் அந்த சீட்டின் முன்னால் கொஞ்சம் நின்றான். பின்னால் ஏறிக்கொள்கிறேன் என்றான். ஆர்வில் பின்கதவு திறக்காது என்றான். அது பொய்.

காரில் இருவரும் வாய் ஓயமாட்டார்கள்.

"மெதுவாப் போடா. நான் ஆஸ்பத்திரில சாகணும், ரோட்ல இல்ல."

"மெதுவாப் போனா உனக்கு முன்னாடி கார் செத்துடும்."

"பெட்ரோலுக்கு நான் தரேன்."

"நீயா? எந்தப் பெட்ரோல்? நான் கணக்கே வச்சுக்கல," என்பான் ஆர்வில். ஹோபர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

காய்கறிக் கடையில் அந்த அம்மாள் இன்னும் இருந்தாள். ஹோபர்ட்டுக்கும் தக்காளி கூடாது என்று தெரிந்ததும் ஒன்றை எடுத்து மோந்து பார்க்க நீட்டினாள். ஹோபர்ட் அதைக் கடித்துத் தின்றுவிட்டான். திரும்பும் வழியெல்லாம் ஆர்வில் அவனைத் திட்டிக்கொண்டே வந்தான். அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பு ஆர்வில்லுக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் ஹோபர்ட் வெர்னா இல்லை. அறுபத்தெட்டு வயது, இதயமும் பழுது. சாலை அவனைத் தின்றது. டிசம்பரில் இரண்டு முறை, வயிறு சரியில்லை, வரவில்லை என்று போன் செய்துவிட்டான். அதே மாதம் லெனோரா மறுபடியும் வந்து நின்றாள். அவளுக்கும் தலை நரைத்திருந்தது. இரண்டாம் தடவையாகச் சான்றுக்கு எழுதியிருக்கிறேன், இந்தத் தடவையும் ஆஸ்பத்திரி மறுத்திருக்கிறது, விசாரணைக்கு வருவீர்களா என்றாள்.

ஹோபர்ட்டின் டாக்டர் ஆர்வில்லைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: பக்கத்தில் ஒரு நாற்காலி கிடைத்தால் இந்த மனுஷன் சில வருடம் ஓடுவான். இந்தச் சாலையிலேயே போனால் அடுத்த குளிர்காலம் சந்தேகம்.

தலைநகருக்குப் போகிற வழியில் ஆர்வில் அதைச் சொல்லவில்லை. "உன்னைக் கேட்டா உள்ளதச் சொல்லு," என்று மட்டும் சொன்னான்.

"உள்ளதத்தான் சொல்லுவேன். நல்லா இருக்கேன்னு சொல்லுவேன்."

"நீ நல்லாவா இருக்க?"

"அவனுங்க முன்னாடி நல்லாத்தான் இருப்பேன்."

ஆர்வில் சாலையைப் பார்த்து ஓட்டினான். வெர்னாவிடம் அன்றைக்கு எதை அவன் சொல்லவில்லையோ அதை இவனிடம் சொல்லிப் பார்த்துவிட்டான். இவனும் அதே மண்.

அதே கட்டடம், அறை மட்டும் வேறு. ஆஸ்பத்திரி வக்கீல் இப்போது ஒரு இளம்பெண். அவளும் மரியாதைக்காரிதான். ஆர்வில் மேலே ஏறி உட்கார்ந்தான். ஏறுமுன் அவன் பேச வேண்டியதை மனதில் வைத்திருந்தான். சாலை, பனி, ஹோபர்ட்டின் இதயம். அவள் அதையெல்லாம் கேட்கவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து, பழைய விசாரணையில் உங்கள் மனைவி சொன்னதை வாசிக்கலாமா என்று கேட்டாள். அவன் தலையாட்டினான்.

அவள் வாசித்தாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. எங்கள் ஆட்கள் யாரையும் சாலையோரம் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

அவளுக்கு அந்த மலைப் பேச்சு வரவில்லை. தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். ஆனாலும் ஆர்வில்லுக்கு வாயில் ஐஸ் உருளும் சத்தம் கேட்டது. நீல கவுன் தெரிந்தது. அவன் கையை மேசையின் விளிம்பில் வைத்துக்கொண்டான்.

"உங்க மனைவி சொன்னது உண்மைதானே சார்?"

"உண்மை," என்றான் ஆர்வில். "அவ பொய் சொல்ல மாட்டா. தவறல. ஆனா எப்படித் தவறலன்னு நீங்க கேக்கல, அவளும் சொல்லல." பிறகு சொல்லக்கூடாததைச் சொன்னான். "பாதி நாளு பெட்ரோலுக்கு என்கிட்ட காசில்ல. கடன்ல போனோம். இன்னும் அடைக்கல. அந்தா உக்காந்திருக்கானே, அவனுக்குத்தான் தரணும். அவன் போடலன்னா அவ அப்பவே செத்திருப்பா."

அறையில் ஓடைக்காரர்கள் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் தன் ஏழ்மையை அரசாங்கத்திடம் சொல்வதே கூடாது. இவன் கூடவே ஊர்க்காரன் ஒருவனின் தர்மத்தையும் இழுத்துச் சந்தியில் வைத்துவிட்டான். ஆர்வில் ஹோபர்ட்டின் பக்கம் பார்க்கவில்லை.

வக்கீல் பெண் கெட்டிக்காரி. ஆர்வில்லை விட்டுவிட்டு, ஹோபர்ட்டை மேலே கூப்பிட்டாள். அவன் கைப்பிடியைப் பிடித்து ஏற நேரமாயிற்று. சத்தியம் வாங்கினார்கள்.

"நேப்பியர் சார், ஸ்டிடம் சார் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறதாச் சொல்றார். அவர் உங்களுக்குப் பணம் எதுவும் தரணுமா?"

அறையில் எல்லோருக்கும் தெரியும் ஹோபர்ட் என்ன சொல்வான் என்று. காலமெல்லாம் சொன்னதைத்தான் சொல்வான். எந்தப் பாக்கி, கணக்கே வச்சுக்கல. கொடுத்தவன் நாலு பேர் நடுவில் கொடுத்ததை ஒத்துக்கொள்வது அந்தப் பக்கத்தில் நடக்காத காரியம். துப்பிய எச்சிலை விழுங்குவது போல. அவன் அப்படிச் சொன்னால் ஆர்வில் சத்தியம் செய்து பொய் சொன்னவன் ஆவான். லெனோராவின் மனு அங்கேயே முடிந்துவிடும். அந்தச் சாலையும் ஹோபர்ட்டை முடித்துவிடும். வக்கீலுக்கு அது தெரிந்திருந்ததோ இல்லையோ, காத்துக்கொண்டிருந்தாள்.

ஹோபர்ட் தன் கையைப் பார்த்தான். சட்டைக்கு அடியில் அவனுக்கும் அந்தப் பூனை உறுமிக்கொண்டிருந்திருக்கும்.

"தரணும்," என்றான்.

"எவ்வளவுன்னு தெரியுமா?"

"ரெண்டாயிரத்து முன்னூத்திப் பதினெட்டு டாலர். அறுபத்தஞ்சு சென்ட்."

ஆர்வில்லின் தலை நிமிர்ந்தது. அவன் அந்தத் தொகையை வெர்னாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

விசாரணை அதிகாரி முதல்முறையாகப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும், எழுதி வைத்திருந்தீர்களா என்று கேட்டார்.

"எழுதல. அவன் காபி வாங்க உள்ள போவான். அந்த நேரத்துல அந்தப் பொண்ணு ஜன்னல எறக்கிட்டு, போன தடவ வரைக்கும் இவ்வளவு ஆச்சு, மனசுல வச்சுக்கங்க, நான் இல்லாமப் போனாலும் அவன் தருவான்னு சொல்லுவா. ஆறு வருஷம் சொன்னா. மறக்க விட்டாத்தானே." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "இன்னொண்ணும் எழுதிக்குங்க. டிசம்பர்ல நான் ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்குப் போகல. இவன்கிட்ட வயிறு சரியில்லன்னு பொய் சொன்னேன். வயித்துக்கு ஒண்ணுமில்ல. அவன் கார்ல டயர் வழவழன்னு தேஞ்சு போச்சு. புதுசு மாத்த அவன்கிட்ட காசில்ல. நான் குடுத்தா வாங்க மாட்டான். அந்தப் பனியில என்னைக் கொண்டுபோயி அவனும் ஓடையில விழ வேண்டாம்னு வீட்லயே படுத்துக்கிட்டேன். நாங்க ஒருத்தர ஒருத்தர் நல்லாத்தான் பாத்துக்கறோம், தாயி. ஆனா அந்தப் பாரத்துல பாத்துக்கறவனும் சேந்து சாவறான்."

வக்கீல் பெண் வேறு கேள்வி இல்லை என்றாள். இந்தத் தடவை லெனோரா தலையைக் குனியவில்லை.

ஊர் திரும்பும்போது பஸ்ஸில் யாரும் பாடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்தார்கள். ஏதோ தோற்றுவிட்டு வருகிறவர்கள் போல. பீன்ஸ் சூப் கடையில் நிறுத்தலாமா என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ஆர்வில்லும் ஹோபர்ட்டும் தனியாகப் பியூக்கில் கணவாயைத் தாண்டினார்கள்.

"என் மூக்கப் பத்தின்னு சொன்னா," என்றான் ஆர்வில்.

"அதப் பத்தியும் பேசியிருக்கோம்," என்றான் ஹோபர்ட்.

சான்று மே மாதம் வந்தது. பழைய பலசரக்குக் கடையில் அக்டோபரில் நாற்காலிகள் போட்டார்கள். சுவரில் பொம்மை அலமாரி இருந்த இடத்தில் ஆணி அடித்த தடம் இன்னும் இருந்தது. சின்ன வயதில் அந்த இடத்தில் நின்று ஒரு தகர லாரியைப் பார்த்துக்கொண்டே இருந்ததை ஹோபர்ட் நர்ஸ்களிடம் சொன்னான். வாங்கினீங்களா என்று அவர்கள் கேட்டார்கள். திருடினேன் என்றான்.

இப்போது ஆர்வில் அவனைக் கூட்டிப் போக ஒரு பாட்டு முடியும் நேரம்கூட ஆவதில்லை. ஏறி உட்கார்ந்து ஒரு வசவை ஆரம்பித்தால் அது முடியுமுன் கடை வந்துவிடும். கணவாய் இல்லை, தக்காளிக்காரம்மா இல்லை, எதிரே விளக்கு இல்லாமல் வரும் லாரிச் சத்தம் இல்லை. ஒருநாள் ஹோபர்ட், "சுத்திப் போலாமா?" என்றான். ஆர்வில் ஓடையைச் சுற்றி, பழைய சுரங்கத்து வாசல்வரை ஓட்டிக்கொண்டு போய்த் திருப்பினான். அன்றைக்கு நாற்காலிக்குத் தாமதமாகப் போனதற்கு லெனோரா இருவரையும் சின்னப் பிள்ளைகளை மாதிரி நிற்கவைத்துத் திட்டினாள். நாற்காலி வந்த பிறகு தவறப் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

கடன் விஷயத்தில் ஆர்வில்லுக்கு இப்போது கை ஓங்கியிருந்தது. சத்தியம் செய்து தர வேண்டும் என்று சொன்னவன், தரும்போது வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொல்லிப் பார்த்தான் ஹோபர்ட். ஆர்வில் இடம் பார்த்துத்தான் கொடுத்தான். ஒரு கையில் இரண்டு ஊசி ஏறி, குழாய் மாட்டி, மெஷின் சுற்ற ஆரம்பித்ததும், ஹோபர்ட் அசையக்கூடாது. அப்போது போய் இருபது டாலரை அவன் சட்டைப் பையில் செருகுவான்.

"கட்டிப் போட்டிருக்கும்போது வந்து அடிக்கிறியேடா," என்பான் ஹோபர்ட்.

"மத்த நேரத்துல நீ ஓடிருவியே."

நர்ஸ்களுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. செவ்வாய், வியாழன், சனி, இருபது டாலர் வந்ததா என்று அவர்களே கேட்பார்கள். மில் கூலியும் ஓய்வூதியமுமாக ஆர்வில் ஒரு நாளும் விடவில்லை. குளிர்காலம் வந்தது. டாக்டர் சந்தேகம் என்று சொன்ன குளிர்காலம். ஹோபர்ட் அதைத் தாண்டினான். கணவாயில் ஊதாப் பூ பூத்து உதிர்ந்தது. அவர்கள் அதைப் பார்க்கப் போகவில்லை, கேள்விப்பட்டார்கள்.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை ஆர்வில் கொண்டுவந்தது பதினெட்டு டாலரும் சில்லறையும். ஹோபர்ட் சும்மா இருந்த கையை நீட்டினான். ஆர்வில் நோட்டுகளை வைத்து, அதன்மேல் காசுகளை வைத்தான். ஹோபர்ட் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினான்.

"அஞ்சு சென்ட் குறையுது."

ஆர்வில் பையைத் துழாவினான். மறுபையையும் துழாவினான். ஹோபர்ட் அவன் திண்டாடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நோட்டின் மடிப்பை விரித்தான். அஞ்சு சென்ட் அதற்குள் இருந்தது.

"சரியாப் போச்சு," என்றான். காசைப் பையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். கண்ணோரம் நனைந்திருந்தது, மெஷின் ஓடும்போது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் என்று ஆர்வில் வைத்துக்கொண்டான்.

ஆர்வில் வெளியே வந்து காரில் உட்கார்ந்தான். பக்கத்து சீட்டின் ஜன்னல் இறங்கியிருந்தது. வழக்கம்போல வாய்க்குள் தொகையைச் சொல்லப் போனான். சொல்ல ஒன்றுமில்லை. எவ்வளவு ஆச்சு என்று அவள் கேட்கும் நேரம் அது. கொஞ்சம் பொறுத்து, "ஒண்ணுமில்ல, வெர்னா," என்றான்.